டப்பா 15 நாள் வருகிறது என்று எழுதினீர்களே

கேள்வி: எனக்கு வயது 24. பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். 5 வாரத்துக்கு முன்பு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2.9 கிலோ. முதல் மூன்று நாள் பால் வரவில்லை என்று சொல்லி அங்கேயே பவுடர் பால் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பையில் பால் டப்பாவும் பீடிங் பாட்டிலும் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது பகலில் இரண்டு முறை, சாயந்திரம் ஒரு முறை பாட்டில். மற்ற நேரம் என் பால். 90 மில்லி தண்ணீருக்கு இரண்டு கரண்டி போடுகிறேன். ஒரு டப்பா 15 நாள் வருகிறது. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம் ஆனால் பாப்பா விடாமல் அழுகிறாள். உனக்குப் பால் பத்தவில்லை என்கிறார் அத்தை. மார்பும் முன்பு போலக் கனமாக இல்லை. பீய்ச்சிப் பார்த்தால் ஒரு ஸ்பூன்தான் வருகிறது. இந்த வாரம் எடை 3.5 கிலோ. மெடிக்கலில் வேறு டப்பா காட்டி, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் சதை பிடிக்கும் என்கிறார்கள். மாற்றலாமா? மூன்று மாதம் ஆனதும் வேலைக்குப் போக வேண்டும். எப்படியும் பாட்டிலுக்குப் பழக்கித்தானே ஆக வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், இது இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம்.

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். கரண்டி என்றால் அந்த டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் கரண்டி, தலைதட்டி அளந்தது. அப்படியானால் 90 மில்லிக்கு மூன்று கரண்டி போட வேண்டும். நீங்கள் இரண்டு போடுகிறீர்கள். ஒரு கரண்டி சுமார் நாலரை கிராம் பிடிக்கும், ஆகவே 400 கிராம் டப்பாவில் ஏறக்குறைய 90 கரண்டி இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பாட்டில், பாட்டிலுக்கு மூன்று கரண்டி என்றால் டப்பா 10 நாளில் காலி ஆகியிருக்க வேண்டும். 15 நாள் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியாக இடித்தது. பாப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு பாட்டிலிலும் மூன்றில் ஒரு பங்கு பால் குறைகிறது. வயிறு நிறைகிறது, பசி அடங்கவில்லை. அடுத்த பாட்டிலில் இருந்து டப்பாவில் போட்டிருக்கும் அளவையே போடுங்கள். குறைக்கவும் வேண்டாம், சதை பிடிக்கட்டும் என்று கூட்டவும் வேண்டாம். கூட்டிப் போட்டால் குழந்தையின் சிறுநீரகத்துக்குத்தான் பாரம்.

ஏன் இரண்டு கரண்டி என்று நான் கேட்கப் போவதில்லை. நானூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய டப்பா, அதற்குள் முடிந்துவிடக் கூடாது என்று கை தானாகச் சுருங்கும். டப்பா வாங்கும் வீடுகளில் நான் ஓயாமல் பார்ப்பது இதைத்தான். கூலி வரும் வாரம் மூன்று கரண்டி, வராத வாரம் இரண்டு.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பால் பத்தவில்லையா?

பிறந்தபோது 2.9. எந்தக் குழந்தையும் முதல் நாலைந்து நாளில் கொஞ்சம் இளைக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்குப் பிறகான மூன்றரை வாரத்தில் உங்கள் பாப்பா 600 கிராம் ஏறியிருக்கிறாள். அதாவது நாளுக்கு 25 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். மூன்று தண்ணிப் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை இப்படி ஏற முடியாது. அவள் உடம்பில் ஏறியிருப்பதில் பாதிக்கு மேல் உங்கள் பால். பத்தாது என்று நீங்கள் நினைக்கும் பால்தான் டப்பாவின் குறையையும் சேர்த்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

மார்பு தளர்ந்துவிட்டது என்கிறீர்கள். முதல் சில வாரம் குழந்தைக்கு எவ்வளவு தேவை என்று உடம்புக்குத் தெரியாது, அதனால் கூடுதலாகச் சுரந்து கட்டிக்கொள்ளும். நாலு, ஆறு வாரத்தில் கணக்குத் தெரிந்துவிடும், கனம் இறங்கிவிடும். பீய்ச்சினால் ஒரு ஸ்பூன் வருகிறது என்றால், பீய்ச்சுவது ஒரு பழக்கம். கை பழகாதவர்களுக்குப் பால் இருந்தாலும் வராது. குழந்தையின் வாய் எடுக்கிற அளவை எந்தக் கையும் எடுக்காது. சாயந்திர அழுகை இருக்கிறதே, அது எல்லா ஊர்க் குழந்தைக்கும் உண்டு. ஐந்தாறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று மாதத்துக்குள் தானாகத் தணியும். அந்த நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மார்புக்கு வரும், விடும், மறுபடி அழும். நாம் பால் இல்லை என்று பாட்டிலை எடுத்துவிடுகிறோம். மற்ற நேரம் போக இரவுக்காகச் சேர்த்துக் குடிக்கிற வேளை அது. விடாமல் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அடுப்பு வேலை வேறு யாராவது பார்க்கட்டும்.

போதுமா இல்லையா என்று பார்க்க நான் நம்புவது இரண்டே விஷயம். ஒன்று எடை. இன்னொன்று மூத்திரத் துணி. 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது, நிறம் இல்லாமல், நன்றாக நனைந்தால் போதும். ஒரு நாள் பூராவும் எண்ணிப் பாருங்கள். துணியை மாற்றும்போதெல்லாம் ஒரு கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போட்டு வையுங்கள், மறதி வராது.

இப்போது பால் எப்படி ஊறுகிறது என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் நான் சொல்கிற வழி உங்களுக்குப் புரியும். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் நம் தலைமுறையில் குறைவு. ஆனால் மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்ததை உங்கள் அத்தை பார்த்திருப்பார். குனிந்து சொம்பால் இறைக்க இறைக்க அடியிலிருந்து ஊறிக்கொண்டே வரும். இரண்டு நாள் யாரும் இறைக்காமல் விட்டால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். மார்பும் அப்படித்தான். குழந்தை இழுத்தால் மூளையில் இருந்து உத்தரவு போகும், பால் சுரக்கும். குடித்துக் காலியான மார்பு வேகமாகச் சுரக்கும், குடிக்காமல் தேங்கிய மார்பு சுரப்பை நிறுத்திக்கொள்ளும். ஒரு பாட்டில் கொடுத்தால் பாப்பா மூன்று மணி நேரம் தூங்குவாள், அந்த வேளைக்கு உங்கள் மார்பை இழுக்க ஆள் இல்லை. மறுநாள் அந்த வேளைப் பால் குறையும். குறைந்ததைப் பார்த்து இன்னொரு பாட்டில். டப்பா தனக்கான தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். முதல் டப்பாவை ஓசியில் கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இதைத் திருப்பலாம். 5 வாரத்தில் திருப்புவது கஷ்டமே இல்லை. ஆனால் இன்றைக்கே பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், பாப்பா எடை இறங்கிவிடும். முதல் மூன்று நாள் பாட்டில் எண்ணிக்கை மாற வேண்டாம், அளவு மட்டும் சரியாகட்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பசித்தால் மட்டும் டப்பா பால். நாலாவது நாள் காலைப் பாட்டிலை நிறுத்துங்கள். காலையில்தான் பால் அதிகம் இருக்கும், அந்த வேளையை முதலில் மீட்பது சுலபம். மூன்று நாள் விட்டு மதியப் பாட்டில். சாயந்திரப் பாட்டிலைக் கடைசியாக விடுங்கள், அத்தைக்கும் மனசு ஒப்ப வேண்டுமே. 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு தடவையாவது ராத்திரியில் இருக்கட்டும். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் தாராளமாக இருக்கும்.

சிசேரியன் தையல் இழுக்கிறது என்று பாப்பாவை வயிற்றின் மேல் போட்டுக்கொள்ளப் பயப்படுவீர்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். இல்லை என்றால் குடத்தை இடுப்பில் இடுக்குவது மாதிரி, பாப்பாவின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் அணைத்துக்கொண்டு கொடுக்கலாம். தையலில் எதுவும் படாது. கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலமாகத் திறக்கும் வரை காத்திருங்கள். காம்பு மட்டும் போனால் போதாது, சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும், தாடை மார்பில் அழுந்த வேண்டும். முழுங்குகிற சத்தம் மெதுவாகக் கேட்கும். காம்பு வெடித்து வலித்தால் வாய் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள்.

பாட்டில் எதற்கு, பாலாடை இல்லையா வீட்டில்? மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அதில்தான் ஊட்ட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்கிறோம். மருத்துவக் கட்டுரைகளில் ஆங்கிலத்திலேயே அதன் பெயர் பாலாடைதான், நம் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கொதிக்க வைத்துக் கழுவ மூலை முடுக்கு கிடையாது, நிப்பிளில் ஈசியாக ஒழுகும் பாலுக்குப் பழகி மார்பை மறுக்கிற தொல்லையும் கிடையாது. டப்பா பாலையும் இனி அதிலேயே கொடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்த மாதிரி பிடித்து, உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

டப்பா பால் இருக்கும் வரை தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். பவுடர் கிருமி இல்லாத பொருள் என்று எல்லாரும் நினைக்கிறோம், அப்படி இல்லை. மூடி திறக்காத டப்பாவிலும் கிருமி இருக்கலாம். அதனால்தான் கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிப்போவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும், அப்புறம் பாத்திரத்தை பச்சைத் தண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக ஆற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளாஸ்கில் காலையில் ஊற்றி வைத்த வெதுவெதுத் தண்ணீர் உதவாது. கலக்கி இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிட வேண்டும். நம் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தண்ணீர் நிலத்தில் இறங்கி எத்தனை கிணறு கெட்டது என்று உங்களுக்கே தெரியும். உச்ச நீதிமன்றமே 1996-இல் அதற்குத் தீர்ப்பு எழுதியது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். தாய்ப்பாலில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை, அதில் 100-க்கு 87 பங்கு தண்ணீரே. ஆகவே கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை பாப்பாவுக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், கிரைப் வாட்டர் வேண்டாம். தெருவில் சங்கும் கையுமாகக் கழுதைப் பால் விற்க வருவார்கள், அதுவும் வேண்டாம்.

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. பேத்தி அழுவதைப் பார்த்துத் தாங்காமல் சொல்கிறார், அவ்வளவுதான். பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, பால் சுறா புட்டு எல்லாம் செய்து கொடுத்தால் சாப்பிடுங்கள். பால் ஊறுகிறதோ இல்லையோ, பச்சை உடம்புக்கு அது நல்ல சாப்பாடு. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று சில வீடுகளில் சொம்பை மறைத்து வைப்பார்கள். வேலூர் வெயிலில் அது நடக்காது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். மற்றபடி இந்தக் கடிதத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

மெடிக்கலில் காட்டிய விலை கூடின டப்பா வேண்டாம். இந்தியாவில் விற்கிற குழந்தைப் பால் பவுடருக்கு அரசு ஒரே தரம்தான் வைத்திருக்கிறது. மேல் அட்டையின் பளபளப்புக்கும் சதைக்கும் சம்பந்தம் இல்லை.

இனி அந்தப் பை.

அதைப் பற்றி நீங்கள் புகாராகச் சொல்லவில்லை, பிரியமாகக் கொடுத்தார்கள் என்ற மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பையைப் பிரியமாகக் கொடுத்தவள்தான். 1991-இல் நர்சிங் முடித்த கையோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். பிரசவ வார்டில் சுவர்க் கடிகாரம் ஒரு பால் கம்பெனி கொடுத்தது. குழந்தையின் எடை எழுதும் அட்டையிலும் அவர்கள் படம். மாதத்துக்கு ஒரு முறை தோல் பையோடு ஒருவர் வருவார், எங்களுக்குப் பேனா, டைரி, வீட்டுக்குப் போகும் தாய்க்கு ஒரு சின்ன டப்பா. வெறுங்கையோடு அனுப்பாமல் ஏதோ கொடுத்து அனுப்புகிறோமே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீடி சுற்றுகிற வீடு. குழந்தைக்குப் பேதி, உச்சிக்குழி உள்ளே போய்விட்டது, அழக்கூடத் தெம்பில்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். துணிப்பையில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி. பவுடர் எப்போதோ தீர்ந்துவிட்டது, அடுத்தது வாங்கக் காசில்லை, அதற்குள் மார்பில் பாலும் நின்றுபோயிற்று. டப்பாவில் போட்டுக் கொடுத்தால் அதுவும் ஆஸ்பத்திரிப் பால் மாதிரிதானே என்று நினைத்திருக்கிறார். டப்பாவின் பக்கத்தில் படுக்கை எண் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. மூன்று நாள் டிரிப் ஏறி அந்தக் குழந்தை பிழைத்தது. அந்தக் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லும் தைரியம் எனக்கு அன்றைக்கு இல்லை, நான் அந்த வேலையை விட்டு வரும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது, இது எவ்வளவு பழைய வித்தை என்று. 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், ரோட்டரி சங்கத்துக் கூட்டத்தில், இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைக்கு நல்லது என்று விற்பதைப் பற்றிப் பேசினார். அந்தப் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 1970-களில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பால் கம்பெனிகள் நர்ஸ் உடுப்புப் போட்ட விற்பனைப் பெண்களைப் பிரசவ வார்டுக்கே அனுப்பின. கிணற்றுத் தண்ணீரும் விறகடுப்பும் உள்ள வீடுகளில், படிக்கத் தெரியாத தாய்மார் கையில் டப்பா போய்ச் சேர்ந்தது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களை வாங்க மாட்டோம் என்று ஒரு இயக்கமே கிளம்பியது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களை எப்படி விற்கக் கூடாது என்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும். நெறிமுறை என்றால் சட்டம் இல்லை, ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியா 1992-இல் எழுதியது, 1993 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 2003-இல் இன்னும் இறுக்கினார்கள்.

அந்தச் சட்டப்படி இரண்டு வயது வரையிலான குழந்தைக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பீடிங் பாட்டில் எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி, பரிசு கொடுக்கக் கூடாது. கம்பெனி ஆள் கர்ப்பிணியையோ தாயையோ சந்தித்துப் பேசக் கூடாது. ஆஸ்பத்திரியில் போஸ்டர் ஒட்டக் கூடாது. டாக்டருக்கோ நர்ஸுக்கோ பணம், பரிசு, மாநாட்டுச் செலவு என்று எதுவும் கொடுக்கக் கூடாது. டப்பாவில் தாயின் படமோ குழந்தையின் படமோ இருக்கக் கூடாது. உங்கள் டப்பாவைப் பாருங்கள், கரடியோ பறவையோ ஏதாவதுதான் இருக்கும். பழைய டப்பாவில் கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தே வாங்கியவர்கள் உண்டு. மீறினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உலகம் பூராவும் வருடத்துக்கு 5,500 கோடி டாலர் புரளும் வியாபாரத்துக்கு 5,000 ரூபாய் அபராதம். எனக்கே சிரிப்பு வரும்.

அதனால்தான் கடிகாரம் போய் இப்போது செல்போனில் வருகிறார்கள். கர்ப்பம் என்று ஒரு செயலியில் பதிந்தால் போதும், குழந்தை பிறக்கிற வாரம் வாட்ஸப்பில் ஆலோசனைக் குழு, அதில் ஒரு அன்பான அக்கா. பழைய நர்ஸ் உடுப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார்கள், வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் பையைக் கொடுத்தது கம்பெனியா, ஆஸ்பத்திரியே வாங்கிக் கொடுத்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பில்லை எடுத்துப் பாருங்கள். டப்பாவுக்குக் காசு போட்டிருந்தால் அது ஒரு கதை. போடவில்லை என்றால் யாரோ ஓசியில் கொடுத்திருக்கிறார்கள், அது குற்றம். பை, டப்பா, அதிலுள்ள தொகுப்பு எண், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவாகக் கொடுக்கலாம், மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல். தாய்ப்பால் ஊக்குவிப்புக்காக 1991-இல் தொடங்கிய பி.பி.என்.ஐ. என்ற அமைப்பு இந்தச் சட்டத்தைக் கண்காணிக்க அரசே அங்கீகரித்த அமைப்பு, அவர்களுக்கும் அனுப்பலாம். பச்சை உடம்போடு கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரி வரை அலைய வேண்டாம். வீட்டுக்காரர் கொடுக்கட்டும், அல்லது பாப்பா தலை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொடுக்கவே இல்லை என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன், அடுத்த பிரசவத்துக்கும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்ற பயம் எனக்குப் புரியும்.

டப்பாவே விஷம் என்று சொல்கிறவளும் நான் இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏறும் தாய், தாயை இழந்த குழந்தை, தாய்ப்பாலே செரிக்காத சில அபூர்வமான பிறவிக் கோளாறு என்று அது தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து கலக்கச் சொல்லிக் கொடுத்துத் தர வேண்டிய பொருள் அது. முதல் மூன்று நாள் பால் வரவில்லை என்று உங்களுக்குக் கொடுத்தார்களே, அங்கேதான் எனக்குக் கோபம். முதல் நாள் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி சீம்பால் கிடைத்தால் போதும், ஒரு டீஸ்பூனே 5 மில்லி. சிசேரியனுக்குப் பிறகு பால் இறங்க நாலு நாள்கூட ஆகும். வராமல் இல்லை, வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல அந்த வார்டில் ஒருவருக்கு நேரம் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே வந்திருக்காது.

வேலை விஷயம். மூன்று மாதம் என்று யார் சொன்னார்கள், சூப்பர்வைசரா? அது பழைய 12 வார கணக்கு. 2017-இலிருந்து முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா பாருங்கள், பிரசவத்துக்கு முந்தைய ஒரு வருடக் கணக்கில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யில் இருந்தே வரும். பிரசவத்துக்கு முன்னால் எடுத்த நாள் போக மீதி உங்களுக்கு. திரும்பிப் போன பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை ஒரு நாளைக்கு இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இத்தனை என்று ஷூ மேல்பாகம் தைக்கிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பொருளுமாக வருகிற 18,000 ரூபாய் உதவிதான் அவர்கள் நம்புவது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.

ஆகவே பாட்டிலுக்குப் பழக்க இப்போதே அவசரம் இல்லை. போகிற நாளுக்கு இரண்டு வாரம் முன்பு பீய்ச்சிப் பழகினால் போதும். மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் நிழலில் 4 மணி நேரம் தாங்கும், சித்திரை வைகாசியில் அவ்வளவு நேரம் நம்ப வேண்டாம். பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள். ஊட்டும்போது கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கலாம், அடுப்பில் வைக்கக் கூடாது. பாலாடையில் ஊட்ட அத்தைக்கு அதற்குள் கை பழகியிருக்கும்.

பாப்பா சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, 8 மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலோ என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த வாரம் 45-ஆம் நாள் தடுப்பூசி வருகிறது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள், பேதிக்கான ரோட்டா சொட்டு மருந்தும் அன்றைக்கு உண்டு. நம் நாட்டிலேயே தயாரான ரோட்டா மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று, நம் பிள்ளைகள்தான் அதற்குக் கை கொடுத்தார்கள். அங்கே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, பாப்பாவைச் சட்டை, அரைஞாண், வளையல் எல்லாம் கழற்றி எடை போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். அதற்கு அடுத்த புதனும் அதே தராசில். ஒரு வாரத்தில் 150 கிராம் ஏறியிருந்தால் அடுத்த பாட்டிலையும் நிறுத்தலாம். குறைந்தால் நிறுத்திய பாட்டிலைத் திரும்பக் கொடுத்துவிட்டு, பால் பிடிப்பதைச் செவிலியரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எடையையும் கிண்ணத்துப் புளியங்கொட்டைக் கணக்கையும் எனக்கு எழுதுங்கள்.